பதினேழு எதிர்ப்பும் ஓர் ஆதரவும்

எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த அச்சகத்தை இடித்துவிட்டு முதியோர் குடியிருப்பு கட்டப்போவதாக அறிவிப்புப் பலகை வைத்தார்கள். நான்கு மாடி, நாற்பது வீடு. பலகையைப் படித்த அன்றே தையல்காரம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் வீட்டு முன்னறைதான் தையற்கூடம். அறுபத்து மூன்று வயதுக் கண்ணுக்குக் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிய வேண்டுமானால் காலை வெயில் வேண்டும். அது அச்சகத்தின் தாழ்ந்த கூரைக்கு மேலாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினேழு எதிர்ப்புக் கடிதங்கள் சேர்த்தாள். கார் நிறுத்த இடமிருக்காது என்றார் ஒருவர். எந்நேரமும் ஆம்புலன்ஸ் சத்தம் என்றார் இன்னொருவர். சலூன்காரர் கையெழுத்தை மட்டும் போட்டு நீட்டினார்.

"காரணம் எழுதுங்கண்ணே."

"நீ சொன்னா காரணம் இல்லாமலா இருக்கும்? நீயே எழுதிக்க."

கூடவே இருக்கும் அக்காவிடம் மட்டும் அவள் கடிதம் கேட்கவில்லை. அக்காவுக்கு எழுபத்தொன்று. கணவர் போன பிறகு தங்கை வீட்டு மாடியறைக்கு வந்தவள். தனக்கொரு எண்ணம், அக்காவுக்கொரு எண்ணம் என்று இருக்கக்கூடும் என்பதே தையல்காரம்மாவுக்குத் தோன்றவில்லை.

நகரமைப்புக் குழுவின் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு புதன்கிழமை மதியம் நடந்தது. அதிகாரி எதிர்ப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுக் கடைசித் தாளை எடுத்தார்.

"ஆதரவுக் கடிதம் ஒன்று. கதவு எண் பன்னிரண்டு, மாடி."

பன்னிரண்டு தையல்காரம்மாவின் வீடு. அதிகாரி கடிதத்தை வாசித்தார்.

"நான் குடியிருப்பது மாடியில். குளியலறை கீழே. ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் படியிறங்க முடியவில்லை. அதற்குத் தகுந்தாற்போல் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறேன். இந்தத் தெருவை விட்டுப் போக மனமில்லை. இங்கேயே படியில்லாத ஒரு வீடு கிடைத்தால் நல்லது."

அறையிலிருந்த அத்தனை தலைகளும் தையல்காரம்மா பக்கம் திரும்பின. "நீங்க பேசலாம்மா" என்றார் குழுத் தலைவர்.

"இன்னைக்கு எனக்குப் பேச்சு வரலைங்க" என்று எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டடத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று கட்டடக்காரர்களை வரைந்து கொண்டுவரச் சொல்லி, கூட்டத்தை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா? அத்தனை பேர் முன்னாடி மூக்கை அறுத்துட்டியே."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"மெஷினை மாடிக்குத் தூக்கிட்டு முன்னறையை உனக்குக் குடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல. உன்கிட்ட தைக்க வர்றதுல பாதிப் பேருக்கு என் வயசு. யாரு மாடியேறுவா?"

தையல்காரம்மாவின் கோபம் எங்கோ போய்விட்டது. "தண்ணியைக்கூடவா குறைச்சுக் குடிச்ச?" என்றாள். அக்கா ஒரு தலையணை உறையை இரண்டு முறை மடித்தாள்.

மூன்றாம் நாள் தையல்காரம்மா நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். அதிகாரி மேசையில் விரித்தார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று தனித்தனியாக வரைந்திருந்தது அவளுக்குச் சட்டைக்கு வெட்டும் தாள் போலச் சுலபமாகப் புரிந்தது. கீழ்மாடிகளால் வெயில் கொஞ்சம்தான் தாமதமாகும்; அவள் ஜன்னலை அடியோடு மறைத்தது நான்காவது மாடியில் தெருவைப் பார்த்த வரிசை மட்டும்தான்.

"இதை மட்டும் உள்ள தள்ளினா?"

"நாலு வீடு இடம் மாறணும். பின்னாடி இடமிருக்கு. கட்டுறவங்க ஒத்துக்கணும்மா."

கிளம்ப எழுந்தவள் மறுபடி குனிந்தாள். "இந்தக் குளியலறைக் கதவு எவ்வளவு அகலம்? சக்கர நாற்காலி போகுமா?"

அதிகாரி அளவுகோலை வைத்துப் பார்த்தார். போகாது.

அடுத்த கூட்டத்தில் அவளுக்குப் பேச்சு வந்தது. "எதிர்ப்பை முழுசா வாபஸ் வாங்கலைங்க. பாதிதான் வாங்குறேன்" என்று தொடங்கி, மேல்மாடியையும் கதவையும் பற்றிச் சொன்னாள். பின்வரிசையிலிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சலூன்காரர் எழுந்து, "அப்ப எனக்கும் பாதிதான்" என்றார். தலைவரே சிரித்துவிட்டார். கட்டடக்காரர்கள் இரண்டுக்கும் சம்மதித்தார்கள். அந்த நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

கட்டி முடிக்க இரண்டு வருடம் பிடித்தது. தையற்கூடத்துக்கு வெயில் இப்போது அரைமணி தாமதமாக வருகிறது. கறுப்புத் துணியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்கிறாள். அக்காவுக்குத் தரைத்தளத்தில் வீடு கிடைத்தது.

குடிபோன மறுநாள் தையல்காரம்மா தெருவைக் கடந்து போனாள். போனதும் பழக்கத்தில் நேரே அடுப்படிக்கு நடந்தாள்.

"எங்க போற? உக்காரு" என்றாள் அக்கா. மெதுவாக நடந்து போய்த் தானே டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சர்க்கரை ஜாஸ்திக்கா."

"என் வீட்ல இப்படித்தான்."