கிராமுக்கு இவ்வளவு

வாய் தவறி அவள் சொல்லித் தொலைத்தது பதினேழு நாளைக்கு முன்னால். கூலி எப்படி என்று வந்தவர் கேட்டார். "கிராமுக்கு இவ்வளவுங்க" என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். எட்டு வருஷம் நகைக்கடைப் பட்டறையில் உட்கார்ந்தவளுக்குக் கூலி என்றால் எடைதான். முதலாளியோடு சண்டை போட்டு வெளியேறி, வீட்டுப் பின்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கி எட்டு மாசமாகியும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் நாக்கை விட்டுப் போகவில்லை.

வந்தவர் ஒரு தலைமை ஆசிரியை. "வெள்ளித்தோடு வேணும்மா. பார்க்கப் பெரிசா இருக்கணும், காதுல இருக்கிறதே தெரியக்கூடாது. ஒருதடவை காது அறுந்து தையல் போட்டிருக்கு" என்றார். அவர் போன பிறகுதான் இவளுக்கு உறைத்தது. எடை குறையக் குறைய வேலை ஏறும், கூலி இறங்கும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று!

கனமான தகட்டில் ரெண்டே நாளில் தட்டிக் கொடுத்திருக்கலாம். கூலியும் கூட வந்திருக்கும். ஆனால் அந்தத் தையல் போட்ட காதை நினைத்தால் கை வரவில்லை. நாலு நாள் படம் போட்டுப் போட்டுக் கிழித்தாள். செம்பில் ஒன்று செய்து பார்த்தாள். முதல் ஜோடி ஒட்டவைக்கும்போதே உருகி வழிந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே வெறும் கூடாக, காகிதம் போன்ற வெள்ளித் தகட்டில் பதினாலு இதழ்.

"இதுலயும் கையில ஒண்ணும் நிக்கலைன்னா திங்கக்கிழமை கடைக்கே திரும்பிப் போயிடறேன்" என்று கணவனிடம் சொன்னாள்.

அவனுக்கு அது பொறுக்கவில்லை. "படம் போட்ட நாளையும் சேர்த்து விலை சொல்லேன். வாயைத் திறந்து கேட்டா தலையையா வாங்கிடுவாங்க?" என்றான்.

ஆசிரியை வந்தார். தோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அடேயப்பா! போட்ட மாதிரியே இல்லையேம்மா!" அறுபதை நெருங்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் இவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் கடையும் இல்லை, திங்கக்கிழமையும் இல்லை.

பிறகு அவரே தோட்டைக் கழற்றித் தராசில் வைத்தார். எட்டு கிராம் நானூறு மில்லி. வெள்ளிக்கும் கூலிக்கும் பணத்தை மேஜையில் வைத்தார்.

"மேடம்... இது பதினேழு நாள் வேலைங்க. படமே நாலு நாள். அதுக்கும் சேர்த்து..." என்று இழுத்து ஒரு விலையைச் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கிராமுக்குன்னு சொன்னது நீதானேம்மா? நான் பேரம் பேசினேனா?"

"இல்லைங்க."

"படம் போடச் சொன்னேனா?"

"படம் போடாம எப்படிங்க செய்யறது?"

"அது உன் வேலையில சேர்ந்ததுதானே!"

கெட்டவராக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஒரு சொல்லிலும் குற்றமில்லையே, எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது? "அப்போ வேண்டாங்க, தோடு இங்கேயே இருக்கட்டும்" என்று வாய் மறுபடி முந்திக்கொண்டது. ஆசிரியை அவளையே பார்த்தார். பணத்தை எடுத்துக்கொண்டு, காதைத் தடவியபடி படியிறங்கிப் போனார்.

உள்ளேயிருந்து ஓடிவந்த கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "வந்த காசையும் விரட்டிட்டியேடி!"

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். "அந்தம்மா மேல தப்பே இல்ல. அதான் என்னால தாங்க முடியல."

அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கடைக்குப் போன் போட்டாள்.

"என்ன ஊதுகுழல், சௌக்கியமா?" என்றார் முதலாளி. கோபம் வந்தால் கன்னத்தை உப்புவாள் என்று பட்டறையில் வைத்த பெயர்.

"திங்கக்கிழமை வரட்டுங்களா?"

"தாராளமா வா. புதுசா ஏதாச்சும் செஞ்சிருந்தா எடுத்துட்டு வா. அச்சு எடுத்து நூறு ஜோடி ஓட்டிடலாம்."

"ஒரு தோடு இருக்குங்க. பார்க்கப் பெரிசு, பாரமே தெரியாது."

"அடி சக்கை! என்ன எடை?"

சொன்னாள்.

"சரி, எட்டு கிராமுக்குக் கூலி போட்டுடறேன். திருப்திதானே?"

எதிரே நின்ற கணவன், கேள், கேள் என்று கையை ஆட்டினான். படத்துக்குக் கேள், பதினேழு நாளுக்குக் கேள். அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"எட்டு இல்லைங்க" என்றாள். "எட்டு கிராம் நானூறு."