நர்சம்மா வராத வியாழக்கிழமைகள்

விடிவதற்குள் மூன்றாவது மிஷினும் தண்ணீரைக் கக்கிவிட்டு நின்றது. ஈரம் சொட்டும் விரிப்புகளை நானும் என் தங்கையும் ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கினோம். எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. பிரசவ வார்டுக் கறை லேசில் போகாது. ப்ளீச்சிங் நெடியில் கண் எரியும். எட்டு மாத வயிற்றை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு அவள் தூக்கினாள்.

"நீ விடு, நான் பாத்துக்கறேன்."

"நீ ஒருத்தி எத்தனைதான் தூக்குவ? தலைதான் ரெண்டு நாளா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கை நல்லாத்தான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். அவள் செருப்பின் வார் வீங்கிய பாதத்தில் புதைந்திருந்தது.

முன்பெல்லாம் வியாழக்கிழமை தவறாமல் நர்சம்மா எங்கள் தெருவுக்கு வருவார். சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்துத்தான் வருவார். வாசலிலேயே உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், கணுக்காலை அழுத்திப் பார்ப்பார், மாமியார்களை ஒரு பிடி பிடிப்பார். என் இரண்டு பிள்ளைகளும் அவர் கையில்தான் பிறந்தன.

ஐந்து மாதத்துக்கு முன் தெருமுனை சுகாதார நிலையத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். தாய்சேய் சேவைகள் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்கப்பட்டுவிட்டனவாம். நர்சம்மாவை அங்கே கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள். இனி நாங்கள்தான் இரண்டு பஸ் மாறிப் போய் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தங்கை இரண்டு தடவை போனாள். மூன்றாம் தடவை லீவு கிடைக்கவில்லை.

அன்று மறுபடியும் முதலாளியிடம் போய் நின்றோம்.

"கால் வீங்கியிருக்கு சார். இன்னிக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"மாசமா இருந்தா கால் வீங்கத்தானேம்மா செய்யும்? லோடு குவிஞ்சு கிடக்கு. திங்கக்கிழமை போ."

திங்கட்கிழமைவரை உடம்பு பொறுக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. அழுக்குத்துணி வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம்.

அவளைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. பெண். தலை நிறைய முடி. ஒரு விரிப்பில் சுற்றித் தந்தார்கள். நாங்கள் துவைத்த விரிப்பாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார், தூங்குகிற பிள்ளையை வாங்குகிற மாதிரி.

ஐந்தாம் நாள் நர்சம்மா வந்தார். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே மறித்தாள்.

"இத்தனை நாளா எங்க போனீங்க? இப்ப எதுக்கு வந்தீங்க?"

நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பால் கட்டி, நெஞ்சில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்த தங்கையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"பிரஷர்தாம்மா. தெருவுக்கு வந்திருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்." அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். "என்னைத் தெருவுக்கு விடுங்க, போறேன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். இனி அது உன் வேலை இல்லைன்னுட்டாங்க. எங்க நர்சுங்க எல்லாருக்கும் இதே கதிதான்."

மறித்தவளே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்ப தெருவுக்கு நர்ஸ் வேணும்னு நாங்க கேக்கப் போறப்ப நீங்களும் வாங்க," என்றாள்.

அடுத்த வாரம் மிஷின்களை நிறுத்தினோம். முதலாளி ஓடிவந்தார்.

"ஆஸ்பத்திரி விவகாரத்துக்கு என் மிஷின் ஏம்மா நிக்கணும்?"

"அவ விழுந்தது உங்க மிஷின் பக்கத்துல சார்," என்றேன். "லீவு கேட்டதும் உங்ககிட்டத்தான். செக்கப்புக்கு லீவு வேணும். அதை நீங்க குடுங்க. தெருவுக்கு நர்சம்மா வரணும். அதைக் கேக்கத்தான் போறோம்."

"வேலை போயிடும், பாத்துக்க."

"எத்தனை பேருக்கு சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

சுகாதார அலுவலகத்துக்கு நடந்தோம். வர வேண்டாமென்று சொல்லியும் தங்கை கேட்கவில்லை. அவளை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அழைத்து வந்தோம். வாசலில் நர்சம்மாவோடு இன்னும் ஐந்து நர்சுகள் சீருடையில் நின்றிருந்தார்கள்.

"மேலிடத்து முடிவும்மா," என்றார் அதிகாரி. "எழுதறேன். பதில் வர நாளாகும். இப்ப வீட்டுக்குப் போங்க."

தங்கைதான் முதலில் படியில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க சார். வீட்ல பாலுக்கு அழறதுக்கு எனக்கு யாருமில்லை. பதில் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

வெயில் ஏறியது. இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிற ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வெயிலில் நின்றிருந்தாள். தங்கை அவளைக் கைபிடித்து இழுத்து, நிழல் விழுந்த பக்கம் தன்னோடு உட்காரவைத்துக்கொண்டாள். அடுத்து நர்சம்மா உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். படிகள் போதவில்லை. மிச்சப்பேர் மண்ணில் உட்கார்ந்தோம்.