ஆறவைத்த தண்ணீர்

கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். இரண்டு வருஷமாக ஒரு நிமிஷம்கூட நடுக்கம் ஓயாத கை. இன்று காலை விடிந்த பிறகுதான் ஓய்ந்தது.

தங்கச் சுரங்கத்து அரவை ஷெட்டில் வேலை பார்த்தவர். அரைத்த கல்மாவில் பாதரசத்தைக் கலப்பார். தங்கம் அதில் ஒட்டிக்கொண்டதும் துணியில் கட்டிப் பிழிவார். ஷெட்டில் கிடைப்பது கலங்கல் தண்ணீர் என்பதால் அந்தத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பதினெட்டு வருஷமாகக் கிணற்றடியில் உட்கார்ந்து அவற்றை அலசியவள் அவள்தான்.

நடுக்கம் ஆரம்பித்தபோது அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "சர்க்கரைய மட்டும் போடு. கலக்குறதுக்குத்தான் என் கை இருக்கே" என்று டீ டம்ளரை நீட்டுவார். அப்புறம் ஈறில் ரத்தம் வந்தது. பெற்ற மகளின் பெயரே மறந்தது. கடைசியில் சிறுநீரகம்.

நாலு நாள் முன்னால், மகள் அப்பாவுடன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தண்ணீர் சோதிக்கும் பெண் வாசலுக்கு வந்தாள்.

"உங்க கிணத்துத் தண்ணில பாதரசம் இருக்கும்மா. குடிக்காதீங்க, சமைக்காதீங்க. கொதிக்க வெச்சாலும் போகாது."

"துணி அலசினதாலயா?"

"சுரங்கத்துக் கழிவுக் குட்டையும் கசியுது. மத்த வீட்டு முடிவு இன்னும் வரல. உங்களுது ரொம்ப அதிகம்." அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "வீட்ல கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா? வயித்துல இருக்கற குழந்தைக்குத்தான் முதல்ல பயப்படணும். மூளை, நரம்பு எல்லாம்..."

"இல்ல" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லையென்று சொல்லிவிட்டால் ஆபத்தும் இல்லாமல் போய்விடும் என்பதுபோல வாய் முந்திக்கொண்டது.

மகளுக்கு ஏழாவது மாதம். 'அப்பாவப் பாத்துக்க என்னால ஒத்தையா முடியலடி' என்று ஐந்து மாதத்துக்கு முன் போன் போட்டு வரவழைத்தவளும் அவள்தான். தண்ணீர் சோதித்த பெண் வந்துபோன அன்று மாலையே கிணறு கலங்கியிருக்கிறது என்று பொய் சொல்லி, கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிவைத்தாள். நாலு நாளாக மகள் குடிக்கும் ஒவ்வொரு வாய்க்கும் காவல் இருந்தாள்.

இன்று காவல் தப்பிவிட்டது.

"அழுது அழுது தொண்டை வத்திடுச்சு. குடி கண்ணு." பக்கத்து வீட்டு லாரிக்காரர் மனைவியின் குரல்.

அவள் திரும்பினாள். சுவரோரம் சாய்ந்திருந்த மகளின் கையில் டம்ளர்.

"எந்தத் தண்ணி அது?"

"கேன் காலி அக்கா. கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வெச்சு ஆறவெச்சேன். புள்ளத்தாச்சிக்குப் பச்சத் தண்ணியா குடுப்பேன், எனக்குத் தெரியாதா?"

டம்ளர் மகளின் உதட்டைத் தொட்டது. அவள் எழுந்த வேகத்தில் துணி தரையில் விழுந்தது. ஒரே தட்டு. டம்ளர் உருண்டு, தண்ணீர் மகளின் மடியெல்லாம் தெறித்தது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவம், புருஷன் போன துக்கத்துல..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"விஷம். கொதிச்சாலும் போகாதாம். அதுதான் இவரையும்..." என்றாள் அவள்.

லாரிக்காரர் மனைவி தன் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல அப்படியே நின்றாள்.

மகள் ஈரமான மடியைக் குனிந்து பார்த்தாள். "உனக்கு எப்பம்மா தெரியும்?"

"நாலு நாளா."

"நான் வந்து அஞ்சு மாசம் ஆச்சு."

"ம்."

வெளியே வண்டி வந்து நின்றது. "நேரமாச்சு, தூக்கலாமா?" என்று வாசலில் யாரோ கேட்டார்கள்.

மகள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்தாள். ஒவ்வொரு முறையும் அப்பாவை டாக்டர் அப்படித்தான் நீட்டச் சொல்வார். தன் விரல்நுனிகளையே கண் இமைக்காமல் பார்த்தாள்.

அவள் மகளின் அருகில் உட்கார்ந்து அந்தக் கைகளைத் தன் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டாள். நடுங்கியது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியவில்லை.