உப்புக் கப்பல்

"எதுலயும் உப்பு வேண்டாம்" என்று மூத்தவள் சொன்னதும் சமையல்காரர் தன் காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

"கொஞ்சமா போடட்டுமா மேடம்?"

"ஒரு கல்லு கூட வேண்டாம். சூப்புல வேண்டாம், கோழியில வேண்டாம், கிழங்குல வேண்டாம்."

"சாப்பிடறவங்க என்னைத் திட்டுவாங்களே."

"திட்ட மாட்டாங்க. என்கிட்ட வந்து கேப்பாங்க."

சமையல்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவளுடைய விருந்துகளுக்கு வெகுகாலமாகச் சமைப்பவர், கிறுக்குத்தனங்களுக்குப் பழகியவர். மூத்தவளின் தொழிலே அதுதான். பழைய காலத்து ராஜாக்களும் ராணிகளும் ஊதாரித்தனமாகக் கொடுத்த விருந்துகளைப் புத்தகங்களில் தேடிப் பிடித்து, இந்தக் காலத்துப் பிறந்தநாளுக்கும் பணி ஓய்வுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பாள். ஒரு சக்கரவர்த்தி கூரையிலிருந்து பூமாரி பொழிய வைத்தான் என்று படித்தாளானால், பல் டாக்டர் வீட்டு விழாவில் வலை கட்டி ரோஜா இதழ் கொட்டுவாள். டாக்டர் அரைமணி நேரம் தும்மினார், ஆனால் ஆறு மாதம் பெருமையடித்துக்கொண்டார். இன்னொரு சக்கரவர்த்தி அறை முழுவதையும் கறுப்பாக்கி விருந்தாளிகளைக் கதிகலங்க வைத்தானாம். அதைப் பார்த்து ஒரு வக்கீலின் பிறந்தநாளுக்குக் கறுப்பு மேசையில் கறுப்புக் கேக் வைத்தாள். வக்கீலின் மாமியார் மட்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை, சாப்பிடவும்தான்.

இந்த முறை வாடிக்கையாளர் யாரும் இல்லை. விருந்து அவளுடைய சொந்த மகளுக்கு. படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த வாரம் கிளம்புகிறாள். புது ஊர், புது வீடு. முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் கூடப் போய் இருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த ஒருவர் யார் என்று மகள் இன்னும் சொல்லவில்லை. 'அம்மா, நீ வா' என்ற மூன்று சொல்லுக்காக மூத்தவள் ஒரு மாதமாக மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானாகக் கேட்க ரோஷம் விடவில்லை. பெற்றவள் விண்ணப்பம் போட வேண்டுமா என்ன?

கேட்காமல் இருந்ததற்குப் பயமும் காரணம். மகள் தன் சித்தியைக் கூப்பிட்டுவிட்டாள் என்றால்?

சித்தி என்றால் மூத்தவளின் ஓரகத்தி, கணவனுடைய தம்பி மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. அவள் குத்தினால் வலிக்காது என்று ஊரே சொல்லும். காரணம் ஊசியல்ல, வாய். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவாள். மனசுக்குள் இருப்பதையும் அப்படித்தான் எடுக்கிறாள் என்பது மூத்தவளின் கட்சி.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்த காலத்தில் அடுப்படி இளையவளுடையது. மூத்தவள் ஊரார் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அரண்மனை கட்டப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு ஷூவைக் கழற்றியதும், வீட்டுப்பாடம் எழுத வைத்ததும், முதல் பல் விழுந்தபோது கூட இருந்ததும் சித்திதான். மகளின் ஏழாவது பிறந்தநாள் அன்று மூத்தவள் யாரோ ஒரு பிள்ளைக்குப் பீரங்கிவண்டி வடிவத்தில் கேக் இறக்கிக்கொண்டிருந்தாள். அதை யாரும் குத்திக் காட்டியதில்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றியிருப்பாள்.

பிறகு இளையவள் சின்னதாக ஒரு வீட்டுக்குத் தனியாகக் குடிபோனாள். போன வருடம் அங்கே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பாதியில் மின்சாரம் போய்விட்டது. மொட்டை மாடியில் செய்தித்தாளை விரித்து, அவித்த உருளைக்கிழங்கை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் விருந்து! அதையே ஒரு வருடமாகப் பேசுகிறார்கள். மாமனார் பேசுகிறார், மகள் பேசுகிறாள், மூத்தவளின் சொந்தப் புருஷனே "என்ன இருந்தாலும் அந்தக் கிழங்கு…" என்று இழுக்கிறான். கூரையிலிருந்து ரோஜா கொட்டியவளுக்கு வயிறு எரியாதா?

வேலை கிடைத்த செய்தி கூட சித்திக்குத்தான் முதலில் போனது. "அக்கா, கேட்டீங்களா, நம்ம பிள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சு!" என்று இளையவள் போனில் கத்தினாள். "தெரியுமே" என்றாள் மூத்தவள். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பொறாமைதான். வருத்தம், ஆதங்கம் என்று வேறு பெயரெல்லாம் வைத்துப் பார்த்தாள், எதுவும் ஒட்டவில்லை.

அப்போதுதான் புத்தகத்தில் அந்த மேசை கண்ணில் பட்டது. அந்தக் காலத்துப் பிரபுக்களின் விருந்துகளில் நீள மேசையின் தலைமாட்டில், பிரபுவுக்கு முன்னால், பெரிய உப்புப் பாத்திரம் இருக்குமாம். வெள்ளியில், கப்பல் வடிவத்தில் கூட இருக்குமாம். உப்புக்கு மேலே, அதாவது பிரபுவின் பக்கமாக, உட்கார்ந்தவர் வேண்டியவர், உப்புக்குக் கீழே உட்கார்ந்தவர் வேண்டாதவர். யார் முகத்தையும் முறிக்காமல் யாரையும் தள்ளி வைக்கலாம். மூத்தவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. சமையலில் உப்பே போடாமல் விட்டு, எல்லாரையும் தன் முன்னால் வந்து கேட்க வைக்கும் யோசனை மட்டும் புத்தகத்தில் இல்லை. அது அவளே சேர்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய கிடங்கில் விருந்து. தங்கப்பூச்சு நாற்காலிகளையும் அட்டை வாள்களையும் ஓரம்கட்டிவிட்டு, ஆறேழு மேசைகளை ஒன்றாகச் சேர்த்து நீளமாக வெள்ளைத் துணி விரித்திருந்தாள். தலைமாட்டில் ஒரு கை ஆடுகிற சிம்மாசனம் அவளுக்கு, பக்கத்து நாற்காலி மகளுக்கு. இருவருக்கும் நடுவில் பித்தளைக் கப்பல். ஒரு கடற்கொள்ளையர் விருந்துக்கு வாங்கியது, புளி போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது, அதன் வயிறு நிறையத் தூள் உப்பு. நாற்காலி தோறும் பெயர் அட்டை. இளையவளின் அட்டை மேசையின் கோடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில் இருந்தது.

இளையவள் வந்தாள், அட்டையைப் பார்த்தாள், மேசையின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். "நல்லதாப் போச்சு, கை கழுவ எந்திரிக்கவே வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். மூத்தவளுக்கு அந்தச் சிரிப்பு கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது.

சூப் வந்தது. ஒரு வாய் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மூத்தவள் எழுந்து, பிரபுக்களின் கதையைச் சொல்லி, "உப்பு வேணும்னா வீட்டு எஜமானிகிட்ட வந்து வாங்கிக்கணும்!" என்று முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். புருஷன் முதல் ஆளாக வந்து இடுப்பை வளைத்து வணங்கினான். மகளின் தோழிகள் கிண்ணத்தோடு வரிசையில் வந்து மண்டியிட்டார்கள். மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். உப்புக்குக் கப்பலை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஆனா இது பந்தி வஞ்சனை இல்லையாம்மா?"

"விளையாட்டுதானே மாமா" என்று சொல்லி அவருக்கு இரண்டு சிட்டிகை போட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, செம ஐடியா" என்றாள். மூத்தவள் அந்த நிமிடம் சக்கரவர்த்தினியாகவே இருந்தாள். இதோ, இப்போது சொல்லிவிடுவாள் என்று தோன்றியது.

கோழியும் கிழங்கும் வந்தன. கோடியிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. இளையவளும் அவளைச் சுற்றியிருந்த நாலைந்து பேரும் உப்பில்லாத கோழியையே சாப்பிட்டுக்கொண்டு, என்னத்துக்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த ஒரு போலீஸ்காரரின் கதை என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

"பாவம்மா, அங்க யாருக்குமே உப்பு போகல" என்றாள் மகள்.

"வேணும்னா வருவாங்க. அதுதானே ஆட்டம்."

"சித்தி வர மாட்டாங்க. நான் குடுத்துட்டு வந்துடறேன்." மகள் கப்பலை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினாள். "இதோ, ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிடம் முடியவே இல்லை. மகள் சித்தியின் நாற்காலி விளிம்பில் பாதி உட்கார்ந்துகொண்டாள். போலீஸ்காரர் கதை அவளுக்காக முதலிலிருந்து தொடங்கியது. இதற்குள் கோழியைக் கடித்துப் பார்த்த மாமனார் கப்பலைத் தேடினார், தட்டைத் தூக்கிக்கொண்டு கோடிக்கு நடந்தார், அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தோழிகள் போனார்கள். உப்பு இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று அவளே அல்லவா சட்டம் போட்டிருந்தாள்? கடைசியாகப் புருஷன் எழுந்தான். "உப்பு வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். அவனும் திரும்பவில்லை.

மின்விசிறி மூத்தவளின் தலைக்கு மேல் முழு வேகத்தில் சுற்றியது. காற்று வராத மூலையில் ஒரு கூட்டமே வியர்த்து வழிந்துகொண்டு சிரித்தது. அவள் கிழங்கை ஒரு விள்ளல் வாயில் போட்டாள். சப்பென்று இருந்தது. அழுகை வந்தது, அழவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. 'என் வீட்டு விருந்து, என் பிள்ளை, என் உப்பு' என்று மனசு பொருமியது. எவ்வளவு நேரம்தான் காலி மேசைக்கு அரசியாக இருப்பது? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சிம்மாசனத்தின் கை கழன்று கீழே விழுந்தது.

அவள் நெருங்க நெருங்கச் சிரிப்பு தேய்ந்தது. பக்கத்தில் போய் நின்றபோது சுத்தமாக நின்றுவிட்டது. தோழிகள் தட்டைப் பார்த்தார்கள். ஆசிரியை வந்த வகுப்பு மாதிரி ஆகிவிட்டதே என்று அவளுக்கு உறைத்தது.

"உட்காருங்கக்கா" என்று இளையவள் நகர்ந்து இடம் விட்டாள்.

மூத்தவள் உட்காரவில்லை. "கொஞ்சம் உப்பு" என்றாள். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இளையவள் கப்பலைப் பக்கத்தில் இழுத்தாள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சித்தியைப் பார்த்தாள், சித்தி கண்ணால் 'சொல்லு' என்றாள். மூத்தவள் அந்தக் கண்ணையும் பார்த்துவிட்டாள்.

"அம்மா, முதல் ரெண்டு வாரம் நீ என்கூட வந்து இருக்கியா?"

ஒரு மாதமாகக் காத்திருந்த சொல். சரி என்று சொல்ல மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"உனக்கு வேலை ஜாஸ்தி, நீ எங்க வரப் போறேன்னு நான் சித்தியத்தான் கூப்பிட்டேன்" என்றாள் மகள், கள்ளமில்லாமல். "சித்திதான் கண்டிப்பா சொல்லிட்டாங்க, அம்மாதான் வரணும், அம்மாவைக் கேளுன்னு."

மூத்தவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இளையவள் அவள் முகத்தைப் பார்க்காமல், இரண்டு விரலால் உப்பை எடுத்துக் கிழங்கின் மேல் தூவினாள். கொஞ்சம் நிறுத்தி, கோழிக்கு இன்னும் அரைச் சிட்டிகை. கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்துப் போட்ட கை.

மூத்தவள் நின்றபடியே ஒரு வாய் எடுத்துப் போட்டாள். இத்தனை வருடம் கழித்தும் தன் நாக்கின் அளவு இளையவளின் விரலில் அப்படியே இருந்தது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"வர்றேன்" என்றாள் மகளிடம். பிறகு தட்டை இளையவளிடம் நீட்டினாள்.

"உப்பு பத்தல. இன்னும் போடு."

இளையவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.

மூத்தவள் இளையவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தாள். கோழி உப்பாய்க் கரித்தது. தண்ணீர் கூடக் குடிக்காமல் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள்.