தண்ணீரில் கரையும் நூல்

நூலைப் பல்லால் கடிக்காதே என்று கோட்டு தைக்கும் அந்தத் தையல்காரருக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அன்று மதியம் இரண்டே கால் மணிக்கும் கடித்தார். மிஷினின் அடியிலிருந்து, அடிநூல் சுற்றிய பாபினை எடுத்து, மிச்ச நூலை ஒரு கடி கடித்ததும் நுனி நாக்கில் வழவழவென்று பசையாகி மறைந்தது.

இன்னொரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் கரைந்தது.

கோட்டின் பை வாயைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க அவர் ஒரு நூல் வைத்திருந்தார். ஈரத்துணி வைத்துத் தேய்த்தால் தையல் தானே கரைந்து போகும்; பிரிக்கிற வேலை மிச்சம். பார்வைக்கு அசல் பாலியஸ்டர் நூல்தான், அதே வெள்ளை. அந்த நூல் இந்த பாபினில் இருக்கிறது. இந்த பாபினில்தான் நேற்று அக்காவுக்குத் தூளி தைத்தார்.

அக்காவின் வேலை காட்டு ஓடைகளில் கத்தலை வைத்துத் தவளை எண்ணுவது. சொந்தக்காரர்கள் சிரிக்கிற சிரிப்புக்கு அளவில்லை. அவள் சம்பளம் வாங்குவதென்னவோ அதற்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஓடைப் பாறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுத்த படுக்கை. இன்னொரு தடவை விழுந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இதுதான் முதல் பயணம். காட்டு ஓடைக்கரையில் மூன்று இரவு, தனியாக. தரையெல்லாம் சேறும் அட்டையும். அதனால்தான் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்க பாராசூட் துணியில் ஒரு தூளியும், அதற்கு மேல் விரிக்க ஒரு மழை விரிப்பும் தம்பி தைத்துக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோதான். கடைக்குள்ளேயே கட்டி ஏறி உட்கார்ந்து குதித்தும் பார்த்தாயிற்று. அசையவில்லை.

அசையாதுதான். காய்ந்திருக்கும்வரை.

அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பஸ் மூன்று மணிக்கு. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் கண்ணுக்குள் ஒரே காட்சி: மழை பிடிக்கிறது, தையல் ஒவ்வொன்றாய் விடுகிறது, கீழே பாறை.

பஸ் நிலையத்தில் அக்கா மூட்டைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, வழியனுப்ப வந்தியா? இப்படி இரைக்குது!"

"தூளியை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடுக்கா!"

கயிறு நுழைத்திருந்த மடிப்பில் அவளுடைய பாட்டில் தண்ணீரை ஊற்றினார். அவசரத்தில் பாதி அவர் கால்சட்டைக்குப் போனது. கொஞ்சம் பொறுத்து இழுத்தார். ஒரு முனை நின்றது. மறுமுனையில் மேல் நூல் மட்டும் சுருண்டு கையோடு வர, மடிப்பு வாயைப் பிளந்தது.

அக்கா அந்தப் பிளவையே பார்த்தாள். அவளையறியாமல் கை இடுப்புக்குப் போயிற்று.

"பாபின் மாறிப்போச்சு," என்றார் அவர். "பாதியில தீர்ந்து வேற மாத்தியிருக்கேன். தண்ணியில கரையற நூலு."

"நனைச்சுப் பாக்கலையா நீ?"

"விரிப்பு நடுவுல ஒரு சொம்பு ஊத்திப் பாத்தேன். ஒழுகல. தையலை யாரு நனைச்சுப் பாப்பா?"

"மழை பாக்கும்டா."

"போகாதக்கா. அடுத்த வாரம் போ. புதுசா தைச்சுத் தர்றேன்."

"அடுத்த வாரம் தவளை கத்தாது. இப்ப போகலைன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. இனிமே கூப்பிடவும் மாட்டாங்க." பிளந்த முனையைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டாள். "தையல் இல்லாம கட்ட முடியாதா?"

இத்தனை வருடம் ஊசி பிடித்தவருக்கு அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை. துணியின் அகலத்தைக் கொசுவம் மாதிரி மடித்து, ஒரே கற்றையாக்கி, முனையில் பெரிய முடிச்சாகப் போட்டார். முடிச்சுக்கு இந்தப் பக்கம் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். முடிச்சைத் தாண்டிக் கயிறு நழுவ வழியில்லை.

"நல்லா நின்ன முனையையும் ஏன்டா அவிழ்க்கிறே?"

"அதை நான் நம்பலை. ஆனா நீளத்துல ரெண்டடி குறையும்."

"குறையட்டும். நான் என்ன பனைமரமா?"

விரிப்பில் கயிறு கட்டத் தைத்திருந்த நாலு மூலைக் காதுகளையும் கத்தரித்து எறிந்தார். மூலைக்கு ஒரு கூழாங்கல்லைத் துணியில் பொதிந்து, அந்தப் பொதியின் கழுத்தில் கயிறு போட்டார். அக்கா கல் பொறுக்கினாள். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டுல துணி துவைக்கிறீங்களா? வண்டி கிளம்பப் போகுது."

"ரெண்டு நிமிஷம் அண்ணே. என் தம்பி ஊஞ்சலாடப் போறான்."

இரும்புத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே தூளியைக் கட்டி, முடிச்சுகள்மேல் மிச்சத் தண்ணீரையெல்லாம் ஊற்றினார்கள். எண்பத்தோரு கிலோவோடு அவர் உள்ளே சரிந்தார். கயிறு முனகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறடா. எண்பத்தொண்ணைத் தாங்கினது என் ஐம்பத்தஞ்சைத் தாங்காதா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

"இறங்குடா, வண்டியை விட்டுடுவேன்!"

ஈரத் தூளியை அப்படியே சுருட்டி மூட்டைக்குள் திணித்து ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது அவர் தன் முட்டியைத் தட்டிக் காட்டியபடி கூடவே ஓடினார்.

"இதுக்கு மேல தொங்க விடாதே! முட்டிக்குக் கீழ!"

"கேட்டுடுச்சு! முட்டிக்குக் கீழ!"

வண்டி வாசலைத் தாண்டியதும் முதல் தூறல் விழுந்தது. நனைந்தால் அந்தத் துணி தொய்யும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முட்டிக்குக் கீழே தொங்கவிட்டு, தொய்ந்தும் விட்டால், விடியும்போது அக்காவின் முதுகு தரையைத் தட்டும். கத்திச் சொல்ல வாயைத் திறந்து, நாலடி ஓடி, நின்றுவிட்டார்.

தட்டினால் தட்டட்டும். விழ முடியாத உயரம் அது.