சாலைக் கடைத்தெருவில் ஓர் இடத்தகராறு

சாலைக் கடைத்தெருவில் நேசையன் படுக்கும் இடம் ரியல் எஸ்டேட்காரர்கள் கண்ணில் படாமல் இருந்தது அவனுடைய அதிர்ஷ்டம். மேலே தகரக் கூரை. கீழே சாக்கடைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் சிமெண்டுத் தளம். பின்னாலிருந்த இரும்புக் கடை அண்ணன் தம்பி வழக்கில் பூட்டிக் கிடந்தது. வழக்கு முடியும்வரை அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். முடியாமல் பார்த்துக்கொள்ள இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள்.

பாறசாலைக்காரன், வயது இருபது. வீட்டில் அப்பாவும் சித்தியும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். இவனுக்கு இடமில்லை என்பதில் மட்டும் ஒரே கருத்து. வேலை பார்த்த ஓட்டல் மூடியபோது, சம்பளத்தோடு மொட்டைமாடிப் பாயும் போனது. இப்போது கல்யாணங்களில் சாம்பார் வாளி தூக்குகிறான்.

தெருவில் படுப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. ஒரு ராத்திரி ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவனுக்கு. அந்த அடுத்தவன் ஷிபு. சாக்கடைக்கு அந்தப் பக்கம், கூரை இல்லாத இடத்தில் படுப்பவன். நேசையன் இரண்டு முறை தும்மினால் போதும், "அளியா, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகிக்கோ" என்று அக்கறையாகச் சொல்வான்.

ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கியது. ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் கல் கூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள். யார் முதலில் செங்கல் வைக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். ஒரு மத்தியானம் நேசையன் வாளி தூக்கிவிட்டுத் திரும்பியபோது, தளத்தின் நடுவில் மூன்று செங்கல் இருந்தது. பக்கத்தில் கோட்டைத் தெரு சீதாலக்ஷ்மி மாமி சாக்பீஸால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாமி, இது எனக்க இடமாக்கும்."

"நன்னாயிருக்கு! பதினஞ்சு வருஷமா நான் பொங்காலை போடற எடம்டா. நீ எப்போலேர்ந்து?"

"ஓணம் மொதல்."

"அப்போ யார் சீனியர்?"

"நான் தெனமும் இங்கதான் கெடக்கேன். நீங்க வருசத்துக்கு ஒருக்கா வாறிய."

"சுவாமிகூட வருஷத்துக்கு ஒருக்காதான் தேர்ல ஏறறார். மத்த நாள் தேர் உன்னுதா?"

மாமியே சமாதானத்துக்கு வந்தாள். "வெளியூர்க்காரிகள் கல்லை நகர்த்திடுவா. நீ காவல் இரு. பொங்காலை முடிஞ்சா எடம் நோக்குத்தான்."

அன்றிலிருந்து செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான். பொங்காலைக்கு முந்தின இரவுதான் சிக்கல். தளம் முழுக்கப் பெண்கள். ஆண்பிள்ளை நடுவில் படுக்க முடியுமா? எதிர்ப்பக்கம் ஏடிஎம் வாசலில் நின்றான். தெரு நெடுகக் குடும்பப் பெண்கள் வானம் பார்த்துப் படுத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் அவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த ஒரே ஆளிடம் வந்து, "எந்தாடா இவிடெ ஜோலி?" என்று கேட்டார்.

மறுநாள் பொங்கி, தீர்த்தம் தெளித்து, புகை அடங்கியதும் லாரி வந்தது. செங்கல்லை எல்லாம் வாரி ஏற்றினார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டவாம். நேசையன் ஒதுங்கி நின்று வழிவிட்டான். திரும்பிப் பார்த்தால், தளத்தில் ஃபிளெக்ஸ் விரித்து, கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான் ஷிபு.

"எழும்புலே!"

"நேத்து ராத்திரி நீ இவிட இல்லல்லோ. நியமம் நியமம்தான் அளியா."

"பொங்காலைக்கு மாமிக்கு விட்டுக் குடுத்ததாக்கும்."

"மாமி முடிச்சாச்சு. அப்போ இடம் காலி. காலி இடம் எனக்கு."

மறுக்க வழியில்லை. ஓணத்தின்போது, அதுவரை இந்தத் தளத்தில் படுத்துவந்த அனில் ஒரு ராத்திரி சங்குமுகத்தில் கடல் பார்க்கப் போனான். அன்றைக்கு நேசையன் பேசியதும் இதே சட்டம்தான். இனி மழைக்காலம் முழுக்கக் கூரை இல்லை.

பாத்திரத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தாள். "யார்டா அது, என் எடத்துல காலை நீட்டிண்டு?"

"மாமி போறீங்கல்லோ. அப்போ இனி..."

"நான் போனா? ஆத்தைப் பூட்டிண்டு காசிக்குப் போனா ஆத்தைக் கொடுத்துட்டேன்னு அர்த்தமா? எடம் என்னோடது. இவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். எழுந்திரு!"

ஷிபு யோசித்தான். தெருச் சட்டத்தில் வீட்டு ஓனரைப் பற்றி எதுவுமே இல்லை. அதை உண்டாக்கியவர்கள் யாருக்கும் வீடு இருந்ததில்லை. எழுந்து ஃபிளெக்ஸைச் சுருட்டினான்.

"மாமி, ரொம்ப உபகாரம்..." என்று தொடங்கினான் நேசையன்.

"இரு. நான் பேச்சிலருக்கு விடற வழக்கமே கிடையாது. கழக்கூட்டம் ஃபிளாட்டைக்கூட ஃபேமிலிக்குத்தான் விட்டிருக்கேன். கதவுல ஆணி அடிக்கப்படாது. சினேகிதா வந்து தங்கப்படாது. மீன், மாம்சம் உள்ளே வரவே படாது."

உள்ளே என்பது எதுவரை என்று நேசையன் சுற்றும் முற்றும் பார்த்தான். "வாடகை?"

"ஞாயித்துக்கிழமை வந்து தேங்கா உரிச்சுக் கொடு."

மாமி ஏறிய ஆட்டோ போனது. சாயங்காலம் நேசையன் புரோட்டாவும் பொரித்த மத்தி மீனும் வாங்கி வந்தான். தளத்தில் வைக்கப் போனவன் நின்றான். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினான். ஷிபு நகர்ந்து இடம் கொடுத்தான், ஒரு மத்தியையும் எடுத்துக்கொண்டான்.

"ஹவுஸ் ஓனர் ஸ்டிரிக்டா அளியா?"

"பயங்கர ஸ்டிரிக்டு மக்கா," என்றான் நேசையன், பெருமை தாங்காமல்.