தரையில் வைத்த புளி

சவப்பெட்டி இறக்க இடம் வேண்டும் என்று, சுப்பையன் தட்டுகளில் வளர்த்த குட்டை மரங்களை வாசலிலிருந்து தூக்கி வேலியோரம் வைத்தார்கள். வைத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்கள். ஒரு தட்டு உடைந்து, அத்தியின் வேர் வெயிலில் கிடந்தது. அவர் மருமகள் கோகிலா தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு அதை நிமிர்த்தி வைத்தாள்.

"அத எதுக்குத் தொடுற? ஒழியட்டும் சனியன்," என்றார் சாரதாம்பாள், செத்துப்போன சுப்பையனின் அக்கா. காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது. அதிகாரம் மட்டும் குறையவில்லை. "மரத்த வளரவிடாம கட்டி வச்ச வீட்டுல புள்ள எப்படித் தங்கும்? தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டானா?"

கோகிலாவுக்கு இரண்டு முறை கலைந்திருந்தது. இரண்டு முறையும் அத்தை இதையேதான் சொன்னார்.

சுப்பையன் புக்கிட் பாருவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் நாற்றுத்தோட்டத்தில் வேலை செய்தவர். விலைபோகாத கன்றுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். வேரை நறுக்கி, தட்டில் மாற்றி, செப்புக்கம்பி சுற்றிக் கிளையை வருஷக்கணக்கில் வளைப்பார். அக்காவின் பேச்சைக் காதில் வாங்கியதே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் தொடங்கிய புளி, மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அதுதான் அவருக்கு உயிர்.

போன வாரம் கோகிலா அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்ததை அவர் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. இன்று விடிந்ததும், நெஞ்சுவலிக்காரர், கொல்லையில் குழி தோண்டிப் புளியைத் தரையில் வைத்தார்.

"ஏன் மாமா?"

"கட்டினது போதும்மா. இனி அது இஷ்டத்துக்கு வளரட்டும்."

கம்பிகளை வெட்டி எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு கிளை பாக்கி இருந்தபோது அப்படியே மண்ணில் சாய்ந்தார்.

வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது. சொன்னால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுவார்கள். கணவனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மாமாவின் வாயில் ஒரு பிடி அரிசி போட வேண்டும், முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அதற்காகவே வாயை மூடிக்கொண்டு தண்ணீர் சுமந்தாள்.

குளிப்பாட்டக் கொல்லையில் பலகை போட வந்த அத்தை புளியைப் பார்த்துவிட்டார்.

"இதத் தோண்டித்தானே என் தம்பி செத்தான்? டேய் தேவதாஸ், பிடுங்கிப் போடுடா!"

அழுது வீங்கிய கண்களோடு கோகிலாவின் கணவன் குனிந்து அடிமரத்தைப் பிடித்தான்.

"பிடுங்காதீங்க!" என்று கத்தினாள் கோகிலா.

எல்லோரும் திரும்பினார்கள். காரணம் சொல்ல ஒரு பொய்கூட அவள் வாயில் வரவில்லை.

"அத்தை, நான் முழுகாம இருக்கேன். மாமா கண்டுபிடிச்சிட்டாரு. நீங்க சொன்னீங்களே, அதுக்காகத்தான் இதத் தரையில வச்சாரு."

தேவதாஸின் கை மரத்தை விட்டது. அத்தை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நூர்ஜஹான், இவள உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இந்தப் பக்கம் விட்டுடாத."

"ஒரே ஒரு தடவ முகத்த மட்டும், அத்தை..."

"போடி!"

நூர்ஜஹானின் அடுக்களையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "அழுதுடு புள்ள, அடக்காத," என்றாள் அவள். கோகிலாவுக்கு அழுகை வரவில்லை, மாமா மீது கோபம்தான் வந்தது. தோண்டச் சொல்லி இவளா கேட்டாள்? சங்கு ஊதினார்கள். பெட்டியை ஏற்றிய லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் வாயில் யார் யாரோ அரிசி போட்டிருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து வேலியோரம் போய் நின்றாள். வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். ஈரச் சேலையோடு அத்தை, புளியின் அடியில் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏண்டி, இந்தக் கம்பிய எப்படிக் கழட்டறது?"

"சுத்திப் பிரிக்காதீங்க, அத்தை. கிளை முறிஞ்சிடும். மாமா துண்டு துண்டா வெட்டித்தான் எடுப்பாரு."

அத்தை உள்ளே போனார். பாக்குவெட்டியோடு திரும்பி வந்து, புளியின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்.